இரண்டு முறை முடிந்த வேலை

1

இந்தக் கதை என்னுடைய பிரிண்டரில் தொடங்கியது என்று சொல்வது எழுத்தாளனுக்குக் கௌரவக் குறைச்சல்தான். என்ன செய்ய, அதுதான் நடந்தது. காகிதம் சிக்கிக்கொண்டது, அக்காவுக்குப் போன் போட்டேன். எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் "போன வாரம் ஆபீஸ்ல ஒரு அசட்டுத்தனம் பண்ணிட்டேன்டா" என்று ஆரம்பித்து மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டாள். பிரிண்டர் சரியாகிவிட்டது. எனக்குத்தான் அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று அவள் என்னிடம் முன்பே வாக்கு வாங்கியிருந்தாள். என் முதல் புத்தகத்தில் அவளுடைய மூக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதியதன் விளைவு அது. இம்முறை கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு. எழுதுவதையெல்லாம் அவள் படிப்பாள், பிடிக்காததை அடிப்பாள். அடைப்புக்குறிக்குள் வருவது அந்தச் சண்டையின் மிச்சம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மருத்துவமனையின் இதயம் மூன்றாம் மாடியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் துடித்துக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு துடிப்பிலும்

(துடிக்கலை. ஃபேன் சத்தம். எடு.)

எடுத்துவிட்டேன். இனி நேராகவே சொல்கிறேன். அவள் ஒரு மருத்துவமனையில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறவள். அங்கே ரத்த வங்கிக்கென்று ஒரு பக்கம் உண்டு. எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது, எந்தக் கொடையாளரைக் கூப்பிடலாம் என்று அதில்தான் தேடுவார்கள். பதினான்கு வருடங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அவளேதான் பிஎச்பி என்ற மொழியில் எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். இன்றுவரை ஒரு கொடையாளரின் பெயர்கூடத் தொலைந்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிரும்.

(நிமிராது.)

நிமிரும், வாசகரே. நான் கேட்டிருக்கிறேன்.

3

சிக்கல் என்னவென்றால், பக்கம் ஓடுவது ஒரு பழைய லினக்ஸ் இயங்குதளத்தில். ரத்தப் பைக்கு லேபிள் அடிக்கிற கருவி அந்த லினக்ஸோடு மட்டும்தான் ஒத்துப்போகும், ஆகவே அதை மாற்ற வழியில்லை. ஆனால் அதிலிருக்கும் பிஎச்பி காலாவதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் புது வெர்ஷனுக்கு மாறாத சர்வர்களின் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று தலைமை அலுவலகம் ஒரு மாதத்துக்கு முன்பே சுற்றறிக்கை விட்டிருந்தது. இணைப்புப் போனால் ரத்த வங்கி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். பழைய வீட்டின் சுவரை இடிக்காமல் உள்ளே புதுக் குழாய் பதிக்கிற வேலை அது. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாரும் முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா மூன்று வாரம் உட்கார்ந்தாள். புது வெர்ஷனில் வழக்கொழிந்துபோன சொற்களையெல்லாம் கோப்பு கோப்பாகத் தேடி மாற்றினாள். புதன்கிழமை மதியம், பழையதைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே புது பிஎச்பியை நிறுவினாள். கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் வெர்ஷன் என்னவென்று கேட்டாள், புது எண் வந்தது. பிரவுசரில் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களையும் திறந்து பார்த்தாள், எல்லாம் வெண்ணெயாக ஓடின. "முடிந்தது" என்று அனைவருக்கும் மடல் அனுப்பினாள்.

அன்று மாலைக் கூட்டத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அந்த மடலை வாசித்துக் காட்டிக் கைதட்டினார். பதினான்கு வருடத்தில் அவள் பெயர் அந்த அறையில் ஒலித்தது அதுவே முதல் தடவை. இதுவரை அவளைக் கண்டால் "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு" என்பதைத் தவிர எதுவும் பேசியிராத மருத்துவர் ஒருவர் நடைவழியில் நின்று கைகுலுக்கினார்.

என் முதல் வரைவு இங்கேயே முடிந்துவிட்டது. அக்காவைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு இது தாராளமாகப் போதும். படித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "வியாழக்கிழமை எங்கடா?"

4

வியாழக்கிழமை காலை பத்து மணி. டீயோடு உட்கார்ந்து, பிழைப் பதிவேட்டைத் திறந்தாள். பழைய நிரலைக் கண்டால் புது பிஎச்பி முணுமுணுக்காமல் இருக்காது. இதைத் தவிர், அதை மாற்று என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை எழுதித் தள்ளும். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு வரியில் கோப்பு எழுதி, பிரவுசர் வழியாக வெர்ஷனைக் கேட்டாள். பழைய எண் வந்தது.

என்னைப் போன்ற பாமரர்களுக்காக ஒரு குறிப்பு: அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். கறுப்புத் திரை அவள் மட்டும் போகிற பின்வாசல். பிரவுசர் ஊரே போகிற முன்வாசல். புது ஆளைப் பின்வாசலில் நிறுத்திவிட்டு, முன்வாசலில் பழைய ஆளே இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். பக்கங்களெல்லாம் வெண்ணெயாக ஓடாமல் என்ன செய்யும்? ஓட்டியது பழைய ஆள்.

டீ ஆறிப்போனது. கைதட்டல் வாங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை.

5

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன, இரண்டுமே சுலபமாக எழுதக்கூடியவை.

ஒன்று: முன்வாசலிலும் புது ஆளை நிறுத்தி, வெப் சர்வரை மறுபடி தொடங்க நான்கு விநாடி போதும். சரியாக வந்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. வராவிட்டால் கீழே ரத்த வங்கியில் யாரோ தேடிக்கொண்டிருக்கும்போது பக்கம் மறைந்துபோகும்.

இரண்டு: கீழே போய், காகிதத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்புறம் தொடங்கலாம். அப்படிச் சொல்வதென்றால் நேற்றைய "முடிந்தது" பொய் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அவள் கை விசைப்பலகை மேல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "கொஞ்ச நேரம்" என்றாள். அதற்கு மேல் பிடுங்க முடியவில்லை. அவள் தயங்கியிருக்க மாட்டாள் என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, ஓரத்தில் "தயங்கினேன்" என்று பேனாவால் எழுதியிருக்கிறாள்.

பிறகு எழுந்து, இரண்டு மாடி இறங்கி, ரத்த வங்கி டெக்னீசியன் முன்னால் போய் நின்றாள். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கும் அந்த அம்மாள்தான் நேற்று முதலில் வாழ்த்தியவர்.

"மேடம், நேத்து முடிஞ்சுதுன்னு நான் சொன்னது தப்பு. இன்னும் முடியலை. இப்பதான் மாத்தப் போறேன், உடைஞ்சாலும் உடையும். இருபது நிமிஷம் பேப்பர்ல ஓட்டிக்கிறீங்களா?"

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஒரு முறை பார்த்தார். "இரும்மா, அபூர்வ வகை லிஸ்டை மட்டும் அச்சடிச்சுக்கறேன்" என்றார்.

உடையத்தான் செய்தது. நுழைவுப் பக்கம் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தால் மறுபடியும் அதையே கேட்டது. உள்ளே வந்தவர் யார் என்று குறித்துவைக்கும் கோப்புறையில் எழுத, புது பிஎச்பிக்கு அனுமதி இல்லை. பின்வாசலில் அவள் சர்வ அதிகாரத்தோடு புழங்கியதால் அது கண்ணில் படவேயில்லை. தேடிக் கண்டுபிடித்து, அனுமதி கொடுத்து, பக்கம் எழுந்து நிற்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. பதிவேட்டில் எச்சரிக்கைகள் மளமளவென்று விழத் தொடங்கின. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம்.

6

என் வரைவில் அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் நான் ஒரு தொலைபேசி அழைப்பை வைத்திருந்தேன். அறுவை அரங்கிலிருந்து அழைக்கிறார்கள், அபூர்வமான வகை உடனே வேண்டும், டெக்னீசியன் அச்சடித்த தாளில் விரல் ஓட்டுகிறார், நான்காவது வரியில் அந்தக் கொடை

(யாரும் கூப்பிடலை.)

கூப்பிட்டால்தானே அக்கா, நீ கீழே போனதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று வாதாடினேன். கதை என்றால் அப்படித்தான், வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள் என்றேன்.

"யாரும் கூப்பிடலைங்கிறதால நான் போய்ச் சொன்னது வீண்னு ஆயிடுமாடா?"

மூன்று புத்தகம் எழுதியவன் நான். அந்த அழைப்பை நானே அடித்துவிட்டேன். ஆனால் இதை மட்டும் அடிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்: எனக்கு என் அக்காவை நினைத்தால் தலைகால் புரியாத பெருமையாக இருக்கிறது. புதன்கிழமைக்காக அல்ல, வியாழக்கிழமைக்காக.

7

அன்று பகல் பன்னிரண்டுக்கு அவள் மருத்துவமனை முழுவதற்கும், கண்காணிப்பாளர் உட்பட, அனுப்பிய மடல் இது. ஓர் எழுத்தும் நான் மாற்றவில்லை.

"வேலை முடிந்தது என்று நேற்று எழுதினேன். அது தவறு. சரிபார்க்க வேண்டிய இடத்தில் நான் சரிபார்க்கவில்லை. இன்று 11.40க்கு முடிந்தது. அதற்காக ரத்த வங்கிப் பக்கம் பதினெட்டு நிமிடம் நின்றிருந்தது."

கண்காணிப்பாளர் பதில் போட்டாரா என்று கேட்டேன். போட்டார் என்றாள். என்ன எழுதியிருந்தார் என்று கேட்டேன்.

"அது எனக்கு வந்த மடல்."

கைதட்டியதைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா, இரண்டாம் முறை தட்டினாரா, விளக்கம் கேட்டாரா, எனக்குத் தெரியாது. மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் அவளுடைய மடலுக்குப் பக்கத்தில் நிற்கவே கூசின. ஆகவே, வாசகரே, கண்காணிப்பாளரின் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். உங்கள் எதிரில் அவள் மடல் திறந்திருக்கிறது. என்ன எழுதப் போகிறீர்கள்?