காய்ச்சல் இறங்கிய நாள்

ரத்தக் குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் சித்ரா கையுறையைக் கழற்றினாள். உடனே மறுபடி மாட்டிக்கொண்டாள். ஜம்புலிங்கம், வயது ஐம்பத்திரண்டு, விலாசம் லம்பா லைன். லேபின் முன்பக்கத்தில் உடன் வேலை செய்யும் திவ்யா எடுத்து அனுப்பிய ரத்தம். மெஷின் எண்களைத் துப்பியது. பிளேட்லெட் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தோராயிரம். ரத்தம் இருக்கக்கூடாத அளவுக்குக் கெட்டி. டெங்கு கார்டில் புதுக் காய்ச்சலுக்கான கோடும் சிவந்திருந்தது, எப்போதோ வந்துபோன பழைய காய்ச்சலுக்கான கோடும் சிவந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் தங்கை புஷ்பாவின் ரிப்போர்ட்டிலும் இதே இரண்டு கோடுகள். அவள் இதே தீவில் சிப்பிகாட் பக்கம் இந்த ஆளின் கட்டிட சைட்டில் பன்னிரண்டு கூலிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை மூடியில்லாத டிரம்களில் பிடித்து வைத்த சைட். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. ஜம்புலிங்கம் அவள் தங்கியிருந்த ஷாதிபூர் அறை வாசலுக்கே ஸ்கூட்டரில் வந்து, "காய்ச்சல் விட்ருச்சுல்ல, சலோ, ரெண்டு வேளைச் சமையல்தானே" என்று கூட்டிப்போனார். சித்ரா அப்போது சென்னையில் லேப் படிப்பில் இருந்தாள். போனில் தங்கை சொன்னதும், நல்லதாப் போச்சு என்று சித்ராவும்தான் சொன்னாள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து என்ற பாடத்தை வகுப்பில் நடத்தியது அடுத்த மாதம். புஷ்பா மறுநாள் இறந்தாள். சாவு வீட்டுக்கு ஜம்புலிங்கம் வரவில்லை. ஆள் அனுப்பினார், ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்டு.

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். திவ்யா சாப்பிடப் போயிருந்தாள். பெஞ்சில் ஜம்புலிங்கம் மட்டும், முழுக்கைச் சட்டையில்.

"ரெடியா தாயி? மூணு மணிக்கு ஷிப்பு. மெயின்லேண்டுல மக நிச்சயதார்த்தம்."

"ஃப்ளைட்ல போகலையா சார்?"

"பத்து மூட்டை சாமானை எவன் ஏத்துவான்? காய்ச்சல் காலையிலயே விட்ருச்சு. வயிறுதான் லேசா வலிக்குது. டாக்டரை அங்க போய்ப் பாத்துக்கிறேன். ரிப்போர்ட்டு டீக் ஹை நா, நல்லாத்தானே இருக்கு?"

அவள் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தை நீட்டிவிட்டால் போதும். அந்த ஆள் பிரிக்கக்கூட மாட்டார். மூன்று நாள் கடல். கப்பலின் சின்ன டிஸ்பென்சரியில் ஏற்றுவதற்குப் பிளேட்லெட் இருக்காது. மெஷின் ஓடி முடிவதற்குள் சித்ரா இதையெல்லாம் யோசித்து முடித்திருந்தாள். ஆனால் காகிதம் விரலை விட்டு நகரவில்லை. ஏன் என்று தெரியாமலே செத்துப்போனால் அது வெறும் விபத்து. இவருக்குத் தெரிய வேண்டும்.

மாஸ்க்கை இறக்கினாள்.

"புஷ்பாவை ஞாபகம் இருக்கா சார்? நான் அவ அக்கா."

அவர் எழப் பார்த்தார். தலை சுற்றியிருக்க வேண்டும், சுவரைப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஒங்க ஒடம்புல இப்ப என்ன நடக்குதுன்னு சொல்றேன். அந்த வைரஸுக்குத் தனியாப் பொழைக்கத் தெரியாது. ஒங்க செல்லுக்குள்ள பூந்து, அதையே வேலைக்காரனாக்கி, தன்னை மாதிரியே ஆயிரக்கணக்குல செய்ய வைக்கும். கூலி இல்ல, லீவு இல்ல. ஒங்களுக்குப் புரியும்."

"இந்தா பாரு பேட்டி, நீ எம் மக மாதிரி..."

"ஒங்களுக்கு முன்னாலயே ஒரு டெங்கு வந்திருக்கு. அதுக்கு ஒடம்பு காவக்காரங்களைத் தயார் பண்ணி வச்சிருக்கு. இப்ப வந்தது அதோட பங்காளி. பழைய காவக்காரன் அடையாளம் கண்டு புடிச்சுர்றான், கொல்லத்தான் தெரியலை. கையோட வீட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போயிர்றான். அப்புறம் ஒடம்புக்கு வெறி. வைரஸை அடிக்கிறேன்னு சொந்த ரத்தக்குழாயையே கசிய விட்ரும். தண்ணியெல்லாம் வெளிய எறங்கும், மிச்ச ரத்தம் பாகா நிக்கும். ஒங்க வயித்து வலிக்கு மாத்திரை போட்டாச் சரியாப் போகாது. இதெல்லாம் எப்ப நடக்கும் தெரியுமா? காய்ச்சல் விட்ட அன்னைக்கு."

ஜம்புலிங்கத்தின் உதடு காய்ந்துபோயிருந்தது. "விட்ருச்சுன்னு அந்தப் புள்ளதான் சொல்லுச்சு."

"சொன்னா. நீங்க ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே கேட்டீங்க."

வாசலில் ஏதோ ஆட்டோ நின்று, போயிற்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அவள் மனதில் திட்டித் தீர்த்த ஆள் இவ்வளவு சிறிதாக இருந்ததில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

அவள் ரிப்போர்ட்டை இன்னொரு தரம் மடித்தாள்.

"என்ன செய்யணும்மா?"

"புஷ்பாவுக்கு நீங்க சொன்னதைத்தான் நானும் சொல்லணும். காய்ச்சல் விட்ருச்சுல்ல, போங்க."

சொன்ன பிறகுதான் அதைக் கவனித்தாள். திவ்யா ரத்தம் எடுத்து மூன்று மணி நேரமாகியும் முழங்கை மடிப்பில் அவர் சட்டை நனைந்துகொண்டே இருந்தது. சட்டைக் கையை மேலே சுருட்டினாள். பஞ்சு ஊறித் தொங்கியது. ஒரு மெல்லிய சிவப்புக் கோடு மணிக்கட்டு வரை இறங்கி, கடிகார வாருக்குள் புகுந்திருந்தது.

புதுப் பஞ்சை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். அவர் முனகினார், கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரலுக்கடியில் நாடி அவசர அவசரமாக, நூல் மாதிரி ஓடியது. ஆம்புலன்ஸைக் கூப்பிட, மேஜை மேல் ஃபோன் அவளுடைய மறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சித்ரா அதை எடுக்கவும் இல்லை, அழுத்துவதை விடவும் இல்லை. கையுறையின் வெள்ளை ஓரத்தில், அவள் விரலைச் சுற்றி, சிவப்பு மெதுவாக வட்டம் கட்டிக்கொண்டிருந்தது.