கூட ஒரு சிட்டிகை ஏலக்காய்

குன்ஹில்டின் மேசையில் இரண்டு ரொட்டிக் கேக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தவறு போடிலுடையதுதான். ட்யோனர் ஊர்ப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு ஒருவர் வீட்டுக்குப் போனால் கையில் ஒரு கேக் இருக்கவேண்டும்; எந்தக் கேக் என்று முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுவிடவும் வேண்டும். மகள் சிக்னவின் வருங்கால மாமியார் குன்ஹில்டின் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறோம், நம் வீட்டின் பேர் சொல்லும் கேக் போனால்தான் மரியாதை என்ற நினைப்பில் போடில் யாரையும் கேட்கவில்லை. காய்ந்த ரை ரொட்டியைத் துருவி, கொட்டைப் பருப்புப் பொடியும் கோகோவும் முட்டையும் சேர்த்துச் சுட்டு, நடுவில் ஜாமும் கிரீமும் வைத்து, வழியெல்லாம் மடியில் தாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்து பார்த்தால் அதே கேக் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"அட, ஜோடிப் பொருத்தம் மேசையிலயே ஆரம்பிச்சிடுச்சு!" என்று சிரித்தார் குன்ஹில்டின் கணவர் ஃப்ரோட. விடைத்த காதுகளும் பெரிய தொப்பையுமாக இருந்தார். "உக்காருங்க சம்பந்தியம்மா. பெல்ட்டைத் தளர்த்திட்டு உக்காரணும். இங்க ஒண்ணையும் வேணாம்னு சொல்ல முடியாது."

"அவங்க பெல்ட்டே போடலப்பா," என்றான் மாப்பிள்ளை ட்ரோல்ஸ்.

"விவரமானவங்க."

போடிலும் சிரித்தாள். சற்று முன் வாசலில் நடந்ததைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்த குன்ஹில்ட், போடிலின் கணவன் அங்கரைப் பார்த்ததும் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றாள். "அங்கர்! சிக்னவோட அப்பா நீதானா?" என்றாள். அவளுடைய குடும்பம் நார்வேயிலிருந்து திரும்பி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பிள்ளைகள் சந்தித்துக்கொண்டது ஓர்ஹூஸ் நகரத்தில். "ஒரே பள்ளிக்கூடம்," என்று அங்கர் போடிலிடம் சொன்னான். இந்தச் சின்ன ஜில்லாவில் யார்தான் ஒரே பள்ளிக்கூடம் இல்லை?

முறைப்படி முதலில் வெண்ணெய் தடவிய பன், பிறகு பழக் கேக், அதன்பின் ரொட்டிக் கேக். விருந்தாளி என்பதால் போடிலின் தட்டில் குன்ஹில்டின் துண்டு விழுந்தது. முள்கரண்டியால் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

வாய் அப்படியே நின்றுவிட்டது.

இது பெட்ரயாவின் கேக். போடிலின் மாமியார் செய்த கேக். கோகோவின் கசப்புக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்து வரும் உப்பு, அதற்கும் அடியில் ஏதோ ஒரு புகைவாசம், கடைசியில் ஜாமின் புளிப்பு வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும் அந்த நிமிஷம். இந்த ருசியைக் கொண்டுவரத்தான் போடில் இருபத்தாறு வருஷமாக முட்டையைக் கூட்டியும் அடுப்பைக் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவே இல்லை. பெட்ரயா செத்ததோடு அந்த ருசியும் போய்விட்டது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அது இப்போது முன்பின் தெரியாத ஒரு வீட்டில், நீலப்பூ போட்ட தட்டில் இருக்கிறது.

அந்தப் பகுதி வீடுகளில் கேக்கின் செய்முறையை யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், ஒரு பொருளை மட்டும் விழுங்கிவிட்டு. கேட்பவருக்கும் அது தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விழுங்கிய அந்தப் பொருள் மருமகளுக்கு மட்டும்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெட்ரயா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு போடிலின் காதில் சொன்னாள்: "ஏலக்காய். இந்த வீட்டுக்கு வாழ வர்றவளுக்கு மட்டுந்தான் சொல்லணும். உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்." அன்றைக்குத்தான் தான் அந்த வீட்டுப் பெண் ஆனதாக போடில் நினைத்திருந்தாள். தேவாலயத்தில் மோதிரம் போட்டதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அப்படியென்றால் இவளுக்கு எப்படித் தெரியும்?

போடில் அங்கரைப் பார்த்தாள். அவன் அதே துண்டை மென்றுகொண்டிருந்தான், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். கழுத்தில் சிவப்பு ஏறியிருந்தது. உடனே ஒரு பயங்கரமான எண்ணம் அவளை உதறிப் போட்டது. திரும்பி ட்ரோல்ஸைப் பார்த்தாள். விடைத்த காதுகள். ஃப்ரோடவின் காதுகளை அச்சில் வார்த்த மாதிரி. அப்பாடா என்று மூச்சு வந்தது.

"காபி தீந்துடுச்சு," என்று குன்ஹில்ட் எழுந்தாள். போடிலும் அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

"என் மாமியார் கேக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குன்ஹில்ட் கெட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அங்கர் சொல்லவே இல்லியா?"

"ஒரே பள்ளிக்கூடம்னு சொன்னார்."

"அதுவும் உண்மைதான்." "எங்களுக்கு நிச்சயம் ஆகியிருந்துச்சு, போடில். ஒரு வசந்தகாலம் முழுக்க. பெட்ரயாம்மா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திட்டுச் சொல்லிக்குடுத்தாங்க. அப்புறம் எனக்கு பயமாப் போச்சு. அந்தப் பண்ணை, அந்த மாடுங்க, அந்தம்மா... மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டு நார்வேல பெர்கனுக்குக் கப்பலேறிட்டேன். மோதிரத்தைக் குடுக்கலாம், கேக்கைத் திருப்பிக் குடுக்க முடியுமா? உங்களுக்கும்தான் சொல்லியிருப்பாங்களே, அப்புறமென்ன?"

"சொன்னாங்க. ஏலக்காய்னு."

குன்ஹில்டின் கை அந்தரத்தில் நின்றது. "ஏலக்காயா?"

"ஏலக்காய் இல்லையா?"

குன்ஹில்ட் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வைத்தாள். உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது பன்றிக் கொழுப்பு, புகை போட்ட இறைச்சியிலிருந்து உருக்கி வடித்தது. "ரொட்டித் தூளை மொதல்ல இதுல செவக்க வறுக்கணும். அவ்வளவுதான். ஏலக்காய் கெடையவே கெடையாது."

போடில் ஜாடியின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். மாமியாரின் சமையலறை முழுசாக அவள் மூக்கில் ஏறியது. கடைசி நாலு வருஷம் பெட்ரயாவுக்குத் தலை சீவிவிட்டதும், கரண்டியால் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கைச் செய்து தட்டில் வைத்து, "உங்களோடது மாதிரி வரலையே அத்தை, எங்க தப்புப் பண்றேன்?" என்று கேட்பாள். பெட்ரயா நிதானமாக மென்று, விழுங்கி, அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்வாள்: "கூட ஒரு சிட்டிகை ஏலக்காய் போட்டுப் பாரு."

"ஓடிப்போன என்கிட்ட உண்மையச் சொல்லிட்டோமேன்னு அடுத்து வந்த உங்களை நம்பாமப் போயிட்டாங்களோ என்னவோ," என்றாள் குன்ஹில்ட். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "என்னாலதான் இது. நான் நெனச்சுக்கூடப் பாக்கல."

நிலைப்படியில் அங்கர் நின்றிருந்தான். எப்போது வந்தானோ தெரியவில்லை. அவன் பார்வை மேடைமேல் இருந்த ஜாடிக்குப் போய்த் திரும்பியது. குன்ஹில்ட் காபிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவே புகுந்து வெளியே போய்விட்டாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று போடில் கேட்டாள்.

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா வறுக்கறதைச் சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன். வாசனையே போதுமே."

"கல்யாணமான மொத வருஷமே தெரியுமா?"

"நீ சுட்ட மொத கேக்குலயே தெரியும்."

மாமியார் ஏமாற்றியது ஒரு அடி. இது வேறு அடி. இது விழுந்த இடமே வேறு.

"ஏன் சொல்லல?"

"அம்மாகிட்ட கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அவ நிலைப்பாளான்னு பாக்கலாம்னாங்க. அதை எப்படி உன்கிட்ட வந்து சொல்றது? ஒடஞ்சு போயிருப்ப."

"அவங்க செத்து ஒம்பது வருஷமாச்சு, அங்கர்."

அவன் கைகளைப் பிசைந்தான். "அதுக்குள்ள எனக்கு உன்னோடதே பழகிடுச்சு. சத்தியமா. ஏலக்காய் இல்லாம இன்னிக்கு அதைச் சாப்பிடறப்ப எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு."

அவன் உண்மையைத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏலக்காயை இடித்துக்கொண்டு நின்ற தன் முதுகையும், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த இவனையும் அவள் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தாள்.

கூடத்திலிருந்து சிக்னவின் குரல் வந்தது. "அத்தை, இந்தக் கேக்குல என்னதான் போட்டீங்க? எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"கதவைச் சாத்திட்டுத்தான் சொல்லணும்டி, அதான் வழக்கம்!" என்று ஃப்ரோட கத்தினார். "எங்க காதுல விழக்கூடாது!"

போடில் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். குன்ஹில்ட் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், நீ சொன்னால்தான் உண்டு என்பது போல. சிக்னவின் முகம் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. தன்னைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நம்பும் பெண்ணின் முகம். போடிலுக்கு அந்த முகத்தைத் தெரியும்.

இப்படியே மேலங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கார் வாசலில்தான் நிற்கிறது. ஏன் என்று மகள் கேட்பாள். சொன்னால் இந்தக் கல்யாணத்தின்மேல் அது காலம் முழுக்கப் படிந்திருக்கும். சொல்லாவிட்டால் தானும் அங்கர் ஆகிவிடுவோம்.

"போடில்," என்று அங்கர் மெல்லக் கையை நீட்டினான். அவள் அதைத் தாண்டிக்கொண்டு ஜாடியை எடுத்தாள்.

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கிரீம் கிண்ணத்தையும் பூச்சாடியையும் ஒதுக்கி, இரண்டு கேக்குகளுக்கும் நடுவில், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளை விரிப்பின்மேல் அந்த ஜாடியைத் திறந்தபடியே வைத்தாள்.

"இதாம்மா," என்றாள் மகளிடம். "கதவெல்லாம் சாத்தவேண்டாம்."

ஜாடியின் அடியில் ஒட்டியிருந்த கொழுப்பு, குன்ஹில்ட் பக்கத்தில் வைத்த காபிக் குடுவையின் சூட்டில் இளகி, விரிப்பில் ஒரு வட்டமாக ஊறிப் பரவத் தொடங்கியது. நிலைப்படியை விட்டு உள்ளே வராமல் அங்கர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது மெல்ல மெல்ல அவனுடைய காலி நாற்காலியின் பக்கமாக விரிந்துகொண்டிருந்தது.