சீராக வராத தோட்டாக்கள்

என் கணவர் ஆரினும் என் தம்பி டெல்லும் எங்கள் கராஜில் ஒரே மேசையில்தான் வேட்டைத் தோட்டா தயாரிப்பார்கள். சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, வெடிமருந்தை அளந்து போட்டு, புதுக் குண்டைச் செருகும் வேலை. எங்கள் ஊரான லேண்டரில் பாதி வீடுகளில் இது நடக்கும். டெல் மருந்தை நிறுப்பான். ஆரின் குண்டை அழுத்துவார்.

அந்தக் கோடையில் குண்டுகளின் வேகம் சீராக வரவில்லை. வேகமானியை வைத்துச் சுட்டால் ஒன்று பாய்ந்தது, அடுத்தது சோம்பியது. அறுநூறு கஜத்தில் குறி அட்டையின் தலைமாட்டில் ஒரு ஓட்டை, கால்மாட்டில் ஒன்று.

ஆரின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை மாற்றிப் பார்த்தார். ஒரே கம்பெனிக் கூடுகளாகப் பொறுக்கினார். கூட்டின் கழுத்து ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் குண்டைப் பிடிக்கிறதோ என்று எல்லாவற்றையும் நெருப்பில் காட்டி இளக்கினார். வேகமானியையே சந்தேகப்பட்டு வேறொன்று இரவல் வாங்கினார். எதுவும் உதவவில்லை. மிச்சமிருந்தது டெல்தான்.

"நிறுக்கும்போது கவனம் எங்கடா இருக்கு?"

"கரண்டுத் தராசு மச்சான். நம்பரப் பாத்துத்தான போடறேன்."

"நம்பர் சரியாத்தான் இருக்கும். பாக்குற கண்ணு?"

டெல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் வருவதை நிறுத்தினான்.

அதன்பின் ஆரின் தானே நிறுத்து, தானே செருகி, தானே சுட்டார். முன்னைவிட மோசம். அதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. நான் சொல்லாமலே பாத்திரம் கழுவினார். தப்பு டெல் மேல் இல்லை என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. நான் டெல்லைக் கூப்பிட்டேன்.

வந்தவன் ஆரினோடு பேசாமல் தராசில் ஒரு எடைக்கல்லை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நம்பர் அசையாமல் இருந்தது. நானும் ஆரினும் சலித்துப்போன நேரத்தில், யாரும் தொடாமலே அது நகர்ந்தது. மேசைக்குப் பின்னால் பழைய ஃப்ரீசர் உறுமத் தொடங்கியிருந்தது. அது ஓய்ந்ததும் நம்பர் பழைய இடத்துக்கு வந்தது.

"இது யாரு கண்ணு மச்சான்?"

ஆரின் பிடரியைச் சொறிந்தார். "ஃப்ரீசர் பிளக்கப் புடுங்கு," என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம்வரை இருவரும் உட்கார்ந்து தோட்டா செய்தார்கள். மறுநாள் மைதானத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத வேகம். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். பிளக்கைத் திரும்பச் செருக வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கராஜில் நாற்றம் எடுத்தபிறகு ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். போன வருஷத்து எல்க் மான் இறைச்சி முழுக்கக் கெட்டுப்போயிருந்தது.

"யாரு புடுங்கினது?" என்றேன்.

"அவருதான் சொன்னாரு," என்றான் டெல்.

"புடுங்கினது நீதானடா," என்றார் ஆரின்.

இருவரையும் மூக்கில் துணி கட்டவைத்து, குப்பைக் கிடங்குக்கு வண்டியில் அனுப்பினேன்.

எல்க் வேட்டைக்கு அனுமதி தரும் அந்த வருஷக் குலுக்கலில் ஆரினுக்குச் சீட்டு விழவில்லை. டெல்லுக்கு விழுந்தது. அக்டோபரில் ஒரு எல்க்கைச் சுட்டவன், பாதி இறைச்சியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். ஆரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"இது அக்காவுக்கு," என்றான் என்னிடம், அவர் காதில் விழும்படி. "மச்சான் கேட்டா தராசுல நிறுத்துக் குடு."

ஆரின் எழுந்துபோய் அடுப்பில் வாணலியை வைத்தார்.