அனுப்புநர்: கஜிதானி கென்சாகு

வீடு வீடாகக் கைமாறும் பேட்டைச் சுற்றறிக்கை அட்டையைக் கொடுக்கும் சாக்கில்தான் தோகிகோ வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அவள் மகன் வாங்கி அனுப்பிய, ஃபேக்ஸும் அனுப்பும் பிரிண்டர் மூன்று வாரமாகப் பெட்டியிலேயே கிடந்தது. இன்று பெட்டி பிரிந்து கிடப்பது சன்னல் வழியே தெரிந்தது. எப்படிச் சும்மா போவது?

கணவர் கென்சாகு போய் ஒரு மாதம். பழைய ஃபேக்ஸ் இயந்திரமும் அதே வாரம்தான் நின்றது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குள் அவருடைய நினைவுப் பலகையைப் பொறித்தாக வேண்டும். இறந்தவருக்குக் கோயிலில் வைத்த புதுப்பெயர் இன்று ஐந்து மணிக்குள் ஃபேக்ஸில் வராவிட்டால் முடியாது என்று பலகைக் கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம். ஒரே ஒலிக்குப் பல எழுத்து உண்டு, போனில் சொன்னால் மாறிவிடுமே. இப்போது மணி நாலு.

"சாப்டீங்களா, தோகிகோசான்?"

"தெரியல."

"சரி, சுவத்துல இருந்து வர்ற வயரை இதுல சொருகுங்க. இதுல இருந்து இன்னொண்ணு போனுக்கு." என் மருமகன் செய்ததை வேடிக்கை பார்த்த அனுபவம்.

சொருகினாள். திரை அனுப்புநர் பெயரைக் கேட்டது. யோசிக்காமல் கணவர் பெயரைத் தட்டினாள். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எனக்கு இது அபூர்வம்.

கோயில் தாளை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் கடையிலிருந்து போன்.

"அம்மா, வெறும் வெள்ளைத் தாள்தான் வந்திருக்கு."

பழைய இயந்திரத்தில் வைப்பதுபோல் எழுத்தைக் கீழே பார்க்க வைத்திருக்கிறாள்.

"இதுல எழுத்து மேல பாக்கணும். இருபது வருஷப் பழக்கம், சட்டுனு போயிடுமா?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. தாளைத் திருப்பி வைத்து மறுபடி அனுப்பினாள்.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள்.

"மோஷி மோஷி?"

கீச்சென்ற சத்தம் எனக்கே கேட்டது. அவள் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அது ஃபேக்ஸுங்க! திரையில 'பெறு'ன்னு இருக்கு பாருங்க, அமுக்கிட்டு வைங்க!"

அமுக்கினாள். தாள் வந்தது. 'மதிப்பிற்குரிய கஜிதானி கென்சாகு அவர்களுக்கு, தாங்கள் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. பொறிக்க வேண்டிய பெயரைச் சரிபார்த்து, முத்திரையிட்டு, ஐந்து மணிக்குள் அனுப்பவும்.' கடிதம் என்றால் எல்லாரும் அச்சடிக்கும் முதல் வரிதான்.

"அனுப்புநர் பேரை மாத்திடலாமா?" என்றேன் மெதுவாக.

"வேணாம். போன் அவர் பேர்லதான இருக்கு."

ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரையை எடுத்துக் குத்தினாள். அதில் குடும்பப் பெயர் மட்டும்தான். யார் குத்தினாலும் ஒன்றுதான். எழுத்து மேலே பார்க்கத் தாளை வைத்தாள். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, போய்ச் சேர்ந்தது என்று திரை காட்டியது.

முத்திரையில் மை இன்னும் காயவில்லை. நான் கொண்டுவந்த சுற்றறிக்கையில், படித்ததற்கு அடையாளமாக, அவர்கள் வீட்டுக் கட்டத்திலும் அதையே குத்தி, அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"போற வழியில அடுத்த வீட்டுல குடுத்துடுறீங்களா, முராய்சான்?"

அவள் படிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டேன். அடுத்த வீட்டுக்கும் ஒரு சாக்கு ஆயிற்று.