சாபத்தை முதலில் வெட்டிய கல்

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் மனைவி தாரிரியா சொல்வாள். சொல்லட்டும். தலைநகரான துஷ்பாவில் இருபது வருடமாக அரசரின் கல்லெழுத்தராக இருக்கிறேன். என் வலது கை இன்னும் மணிக்கட்டோடு இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவருக்கு இல்லை. அவர் ஒரு கல்லில் பிழை விட்டார். இப்போது ஏரிக்கரையில் இடது கையால் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருக்கிறார்.

வேலை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அரண்மனையிலிருந்து களிமண் பலகை வரும். அரசர் அந்த ஆண்டு எந்த நாட்டின் மேல் படையெடுத்தார், எத்தனை ஊரை எரித்தார், எத்தனை பேரைப் பிடித்தார் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து நான் கல்லில் செம்மண் குழம்பால் எழுதுவேன். என் எழுத்தின் மேலேயே கல்தச்சன் உளி ஓட்டுவான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்கும் நல்லது.

அந்த வசந்தத்தில் என் பழைய கல்தச்சன் காய்ச்சலில் போய்விட்டான். பட்டறைத் தலைவன் உபியா ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். நிதினி என்று பெயர். நாற்பது வயதிருக்கும். பேச்சிலேயே வடக்கத்தி வாடை அடித்தது.

"எங்கேருந்துய்யா பிடிச்சே இவனை?" என்று உபியாவைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"எதியுனிக்காரன். போன வருஷம் படை ஓட்டிக்கிட்டு வந்த கூட்டத்துல வந்தான். கை தங்கம்யா."

"இந்தக் கல்லுல என்ன எழுதப் போறோம்னு தெரியுமா உனக்கு? எதியுனியை எரிச்ச கதையை. எரிஞ்ச ஊர்க்காரன் கையிலயே உளியைக் குடுக்கிறியே!"

"அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அப்படின்னு அவன் சொன்னானாக்கும்?"

உபியா சிரித்தான். "உன் பொண்டாட்டி சோத்துல உப்புப் போட்டாக்கூட எதுக்குப் போட்டான்னு கேக்கிறவன் நீ. போய் வேலையைப் பாரு."

வேலையைப் பார்க்கவில்லை, நிதினியைப் பார்த்தேன். அவன் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. நாட்டைப் பறிகொடுத்தவன் ஏன் இவ்வளவு அக்கறையாக வெட்ட வேண்டும்? கருங்கல்லில் ஆப்பு வடிவ எழுத்துக்குறி ஒவ்வொன்றும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. மத்தியானம் மற்றவர்கள் நிழலில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்னும்போது இவன் மட்டும் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து தின்பான். வாய் ஏதோ முணுமுணுக்கும்.

ஒரு நாள் வேண்டுமென்றே சீண்டினேன். "இந்தக் கல்லுல அடுத்து வரப் போறது என்ன தெரியுமா? உங்க ஊர்களை எரிச்சது."

"சரிங்கய்யா" என்று கல் தூசியை ஊதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனான்.

அழுதிருந்தால் நம்பியிருப்பேன். முறைத்திருந்தாலும் நம்பியிருப்பேன். 'சரிங்கய்யா' என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போயும் அதையே யோசித்தேன். நான் இல்லாத நேரத்தில் ஒரு குறியைச் செதுக்கிவிட்டால் போதும், அரசர் கொண்டுவந்த ஆயிரம் பேர் நூறு பேராகிவிடுவார்கள். போவது என் கை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் கல்வெட்டு எல்லாவற்றிலும் கடைசியில் சாபம் இருக்கும். இந்த எழுத்தை அழிப்பவனை, உடைப்பவனை, மறைப்பவனை, அடுத்தவனிடம் 'போய் அழி' என்று சொல்பவனை எங்கள் தெய்வங்களான ஹால்தியும் தெய்ஷெபாவும் சிவினியும் சூரியனுக்குக் கீழே இல்லாமல் ஆக்கட்டும். அவனையும், அவன் விதையையும், அவன் விதையின் விதையையும். அதை வெட்டி முடித்துத் திராட்சை மதுவை ஊற்றிவிட்டால் கல் விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அரசரே வந்தாலும் ஒரு குறியைத் தொட மாட்டார். அதனால்தான் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு, கடைசியாக அதை வெட்டுவது வழக்கம்.

நான் அதை முதலில் வெட்டச் சொன்னேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்காய்யா உனக்கு?" என்றான் உபியா. "மேல பாதிக் கல்லு வெறுமனே கிடக்கு. நாளைக்கு ஏதாவது தப்பு வந்தா என்ன பண்ணுவே?"

"இருபது வருஷத்துல எனக்குத் தப்பு வந்திருக்கா?"

கீழே சாபம் வெட்டி முடிந்தது. மதுவை நானே ஊற்றினேன். நிதினியை முன்னால் நிற்கவைத்து, அவனுக்குப் புரியும்படி வரிவரியாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டு கேட்டான். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆனால் பழகிப்போன கண் சும்மா இருக்குமா? மேல்பாதியை எழுதும்போதும் பலகையில் ஒரு கண், அவன் உளியில் ஒரு கண். இரண்டாவதான எதியுனிப் படையெடுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தேன். அவன் உளியை வைக்கவில்லை.

"ஐயா, இதே வரிசையை மேல ஏற்கனவே வெட்டிட்டேன் போலிருக்கே."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

"படிக்கத் தெரியாதுங்க. கைக்கு ஞாபகம் இருக்கு."

"அரசர் ஒவ்வொரு நாட்டையும்தான் எரிச்சார். ஒரே மாதிரிதான் இருக்கும். வாயை மூடிக்கிட்டு வெட்டு!"

வெட்டினான்.

நான்கு நாள் கழித்து விடியற்காலையில், கோயில் அதிகாரி மறுநாள் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. உடனே பலகையை எடுத்துக்கொண்டு கல்லை மேலிருந்து படித்தேன். பதினாறாம் வரியைத் திரும்பவும் படித்தேன். 'ஹால்தி முன்னே சென்றார், தம் ஈட்டியால் எதியுனியை வென்றார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஊர்களை எரித்தேன், கோட்டைகளை இடித்தேன்' இரண்டாம் தடவை இருந்தது. தெய்வம் முன்னே போகாமல் அரசர் தானே போய் வென்றதாக ஆகிவிட்டது. கோயில்காரர்கள் இதற்குக் கையோடு விடமாட்டார்கள்.

உபியாவிடம் ஓடினேன். "ஒரே ஒரு வரிதான். தேய்ச்சு எடுக்க ஓர் ஆள் குடு."

அவன் இரண்டடி பின்னால் போனான். "யோவ், எனக்கு அஞ்சு புள்ளைங்க. 'போய் அழி'ன்னு என் வாயால சொல்லச் சொல்றியா? நீதானே மது ஊத்தினே!"

"வேற கல்லு?"

"மலையிலேருந்து இறக்க ஒரு மாசம். இதை உடைச்சாலும் அதே சாபந்தான்."

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திடீரென்று தங்கள் கல்லில் மூழ்கிப்போனார்கள். நானே தேய்க்கலாம். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு இலையுதிர்காலத்தில் கல்யாணம். ஒரு பக்கம் என் கை, இன்னொரு பக்கம் அவர்கள். கல்லடியில் உட்கார்ந்து வாய்விட்டுப் புலம்பினேன்.

நிதினி தேய்ப்புக்கல்லையும் தண்ணீர்த் தொட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்கய்யா."

"நீ என்ன பண்ணப் போறே?"

"கேக்காதீங்க. நீங்க எதுவும் சொல்லக் கூடாது, கையைக் காட்டக் கூடாது. சொன்னவனையும் பிடிக்கும்னு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க? எந்த வரின்னு எனக்குத் தெரியும்."

"உன் விதை, விதையோட விதை…"

"எதைங்கய்யா பிடிக்கும்? எல்லாத்தையும் போன வருஷமே உங்க படை முடிச்சிருச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னான். நான் எழுந்து ஏரிப் பக்கம் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சம்மதித்த மாதிரி. என் வாழ்நாளில் ஒருவனை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் நடந்ததில்லை. கருங்கல் தேயும் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. அவன் எத்தனை வரியைத் தேய்க்கிறான்? எதியுனி முழுவதையுமே எடுத்துவிட்டால்? எனக்கு ஏன் இவன் நல்லது செய்ய வேண்டும், விலை என்ன கேட்பான் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

சத்தம் நின்றதும் வந்தேன். பதினாறாம் வரி மட்டும் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. மற்றதையெல்லாம் பலகையோடு மூன்று முறை ஒப்பிட்டேன். அவன் தொட்டியடியில் உட்கார்ந்து, நான் ஒப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குறிகூட மாறவில்லை. சரியான வரியை எழுதினேன். சாயங்காலத்துக்குள் வெட்டி முடித்தான்.

"என்ன வேணும் உனக்கு? சொல்லு" என்றேன்.

"பிடிபட்டவங்க எண்ணிக்கை இதுல இருக்காமே. செத்தவங்களையும் சேர்த்து எண்ணியிருக்காங்கன்னு உபியா சொன்னாரு. அது எங்க இருக்குன்னு காட்டுங்க."

இருபதாம் வரியைக் காட்டினேன். 'எதியுனியிலிருந்து ஆறாயிரத்து நானூற்று எழுபத்தொரு பேர். சிலரைக் கொன்றேன், சிலரை உயிரோடு கொண்டுவந்தேன்.'

"இதுல அஞ்சு பேரு என் வீட்டு ஆளுங்க" என்றான். "நானும் ஒருத்தன். பொண்டாட்டி, மூணு புள்ளைங்க. அவங்களை வேற எங்கேயும் எழுதி வைக்கலைங்கய்யா. கல்லு தப்பா இருக்குன்னு தூக்கிப் போட்டா அதுவும் போயிரும்."

அந்த எண்ணை நோக்கி அவன் கையை நீட்டினான். அப்போதும் நான் அவன் விரல்களுக்கிடையில் உளி இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இல்லை. வெறுங்கையால் குறிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.