பூவுக்கு முழுக்கோடு

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. தைனான் நகரில் கோயிலுக்கு எதிரே உள்ள குறிநூல் கடையில், நாட்காட்டி வாங்குகிற சாக்கில் நின்று கேட்டேன். பாதி என் கற்பனை. எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த மாலையில் யுவே-ஷியா கண்கலங்கி... (வேண்டாம். மழை பெய்தால் நீங்கள் உடனே அவள் கட்சிக்குப் போய்விடுவீர்கள்.)

2

யுவே-ஷியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவன் திங்-குவாங் பதினோரு வருடமாகக் கடல் தாண்டி, சீனாவில் திருகாணித் தொழிற்சாலை நடத்துகிறான். அதை விற்றுவிட்டு அடுத்த மாதம் ஒரேயடியாக வீடு திரும்புகிறான். அங்கே அவனுக்குச் சின்ன வீடு இருக்கிறதா என்பது அவள் கேள்வி. ஜோசியரிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் புத்தகம் வாங்கித் தானே படித்தாள்.

மூன்று நாணயங்களை ஆறு முறை போட்டாள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, முழுசாகவோ நடுவில் உடைந்தோ; ஆறு கோடுகள் சேர்ந்தால் ஒரு குறி. ‘குடும்பம்’ என்று வந்தது.

அப்புறம் இன்னொரு புத்தகம் வாங்கினாள். முதல் புத்தகத்தில் தலை விழுந்தால் முழுக்கோடு. இதில் பூவுக்குத்தான் முழுக்கோடு.* அதே நாணயங்கள், கோடெல்லாம் தலைகீழ். இப்போது வந்த குறி ‘விடுதலை’.

* இதை நான் இட்டுக்கட்டவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

3

“லியாவ், ரெண்டுல எதுய்யா சரி?”

கடைக்காரன் இரண்டையும் புரட்டினான். “எழுதினவங்க ரெண்டு பேருமே போய்ச் சேந்துட்டாங்கக்கா. யாரைக் கேக்குறது?”

“வித்தவன் நீ இருக்கியே.”

“அப்போ இந்தச் சீட்டுக்கட்ட எடுத்துக்கோங்க. காசே போட வேணாம், ஒண்ணு உருவினா போதும்.”

“உறை பிரிச்சிருக்கே?”

“பாக்குறதுக்குன்னு பிரிச்சது.”

அவள் அங்கேயே எண்ணினாள். குறிக்கு ஒன்றாக அறுபத்து நான்கும் இருந்தன. “சரியாத்தான் இருக்கு” என்றாள், குறைப்பட்டுக்கொள்வதுபோல.

“உங்க வீட்டுக்காரர் வந்ததும் அவரையே கேட்டுடலாமேக்கா?”

“இல்லைம்பார்.”

“அது பதில் இல்லையா?”

“அதுக்கு உரை எழுதின புத்தகம் வச்சிருக்கியா?”

4

இதுவரை நான் திங்-குவாங்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஏமாந்துவிட்டேன். ‘குடும்பம்’ என்ற பதிலைக் கையில் வைத்திருந்தவள் எதற்கு இரண்டாவது புத்தகம் வாங்கினாள்?

‘விடுதலை’ப் பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். அவள் முகத்தில் ஒரு... (இந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் அழுகை இல்லை, சத்தியமாக.) பதினோரு வருடம் கட்டில் முழுக்க அவளுடையது. சின்ன வீடு இருந்தால் கதவைத் திறக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் திறந்துதான் ஆகவேண்டும். அவன் யோக்கியனாக இருந்துவிடுவானோ என்றுதான் பாவம் பயந்துகொண்டிருக்கிறாள்.

5

கடைசியில் ஒரு புத்தகத்தை லியாவிடமே தள்ளிவிட்டு, மற்றதை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள். அட்டை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களிடம் ஒரு நாணயம் இருக்கும். பூவா தலையா போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் விழுந்தால் அவனை உள்ளே விடுவது என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். விழுந்தது பிடிக்கவில்லையென்றால், லியாவின் கடை ஒன்பது மணிவரை திறந்திருக்கும்.