எடை கூடிய பாட்டில்

துணிக்கடையின் கோட்டுப் பிரிவில் பத்து வருஷம் நின்றவனுக்கு எதிரி வெளியில் இல்லை, தலையிலேயே இருந்தான். அங்கே விற்பனையாளனுக்குக் கறுப்புக் கோட்டுதான் சீருடை. அதன் தோளில் பொடுகு கொட்டிக் கிடந்ததைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தார். அன்றைக்கே மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ரெண்டு மாசம் டைம். அதுக்குள்ள தலை சுத்தமாகலைன்னா குடோன்ல போய் மூட்டை தூக்கு."

அந்த ஆத்திரத்தில்தான் தோல் ஆஸ்பத்திரியின் மருந்து ஷாம்பு சோதனையில் சேர்ந்தான். வாரம் மூன்று முறை தேய்த்து, நுரையோடு ஐந்து நிமிஷம் ஊறவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்து மார்க் போடுவாள். பாட்டிலையும் தராசில் வைப்பாள். சொன்னபடி தேய்க்கிறார்களா, டிமிக்கி கொடுக்கிறார்களா என்று அதில் தெரிந்துவிடும்.

வீட்டில் மனைவியின் தம்பி ஒருவன் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் தங்க வந்தவன், மூன்று வருஷமாகியும் கிளம்பவில்லை. அதே கடையின் குடோனில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் இந்த மகாராசன்தான். பிளேடு, டவல், செருப்பு எதுவானாலும் கைக்குக் கிடைத்தது அவனுடையது. அவன் தலையிலும் பொடுகுக்குப் பஞ்சமில்லை.

முதல் இரண்டு வாரத்தில் பொடுகு பாதியாகக் குறைந்தது. நான்காம் வாரம் திரும்பி வந்தது. ஆறாம் வாரம் முன்னைவிட மோசம். நர்ஸ் பாட்டிலைத் தராசில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"போன தடவை நூத்தி நாப்பது கிராம். இப்ப நூத்தி எழுபது. தேய்க்கத் தேய்க்க ஊறுதா?"

"நான் ஒழுங்காத்தான் தேய்க்கிறேன்."

அவள் உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினாள். மணிக்கட்டு வரை ஓடியது. "பாதிக்கு மேல தண்ணி. எங்களைப் பாத்தா கேனையா தெரியுதா?"

தண்ணீராக இருப்பதை இவனும் கவனித்துத்தான் இருந்தான். போகப் போக மருந்து அப்படித்தான் ஆகும்போல என்று விட்டுவிட்டான், மடையன். மச்சினன் ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சிலுப்பிக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது.

"உங்களை சோதனையிலேருந்து எடுத்தாச்சு. இனிமே பாட்டில் கிடையாது."

"என் வேலை போயிடும்மா."

"தண்ணி ஊத்தும்போது யோசிச்சிருக்கணும்."

நேராகக் கடைக்கு ஓடினான். கோட்டுப் பிரிவில் இவன் இடத்தில், கறுப்புக் கோட்டோடு, பல்லிளித்துக்கொண்டு நின்றான் மச்சினன்.

"ரெண்டு மாசமெல்லாம் எதுக்குய்யா?" என்றார் மேனேஜர். "உன் தலை லட்சணம்தான் தெரியுதே. உன் மச்சான் தலையைப் பாரு, ஒரு தூசி இல்ல. நீ கூட்டிட்டு வந்த ஆளுதானே, சந்தோஷப்படு."

மச்சினன் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "கோச்சுக்காதீங்க மாமா. பாட்டில் குறைஞ்சிருந்தா நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான் தண்ணி ஊத்தி வெச்சேன்."

 இவன் மச்சினனின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். பாசமாக்கும் என்று மேனேஜர் சிரித்தார். அப்படியே அவன் தோளுக்கு மேல் தன் தலையைக் கவிழ்த்து, இன்னொரு கையால் பறட்டுப் பறட்டென்று சொறிந்தான். வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. "ஐயோ மாமா, விடுங்க!" என்று அவன் திமிறினான். கோட்டு வாங்க வந்த இரண்டு பேர் கதவைப் பார்த்து நடந்தார்கள். மேனேஜர் போட்ட சத்தம் காதில் விழுந்தும் இவன் மறு தோளுக்கு மாறினான்.